தாமதம் சொல்லும் செய்தி



நான் தலைமையாசிரியராக இருந்த நாளில் ஒரு மாணவன் சில வாரங்கள் மணியடிக்கும் முன்பே வருவான். சில வாரங்கள் அரைமணி பிந்தி வருவான். சோம்பல் என்று முடிவு கட்டி, அவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். அவன் படிப்பை விட்டு நின்ற பிறகே, தந்தையார் சொல்ல, உண்மையை அறிந்தேன். அவர்கள் ஆட்டுக்கிடை போடுபவர்கள். கிடை ஊர் ஊராக மாறும். பையன் நாள்தோறும் ஒரே நேரத்தில்தான் புறப்பட்டிருக்கிறான். நடக்க வேண்டிய தொலைவே கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது.

வானத்திலும் இத்தகைய தாமதம் உண்டு. ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களுள் ஒன்று மற்றொன்றை நமக்கு மறைக்கும்போது ஒளி குன்றும். இக்கிரகணம் கடிகாரம்போல் ஒழுங்காக நிகழ்வது. ஆயினும், கண்ணுக்குப் புலனாகாத மூன்றாவது துணை ஒன்று இருக்குமாயின், அதன் ஈர்ப்பால் அவ்விரட்டை முழுவதுமே நம்மை விட்டு விலகியும் நெருங்கியும் நகரும். விலகும்போது கிரகணம் பிந்தித் தெரியும். நெருங்கும்போது முந்தித் தெரியும். ஒளி நிமிடத்திற்கு ஏறத்தாழ 1.8 கோடி கிலோமீட்டர் செல்வது. எனவே ஒரு நிமிடத் தாமதம் அத்தனை தொலைவு கூடியதைக் காட்டும். 2009-இல் ஏவப்பட்ட கெப்ளர் விண்தொலைநோக்கியின் பதிவுகளில், மூன்றாம் துணை உடையனவாகத் தோன்றும் இரட்டைகள் 200-க்கு மேல் இம்முறையால் இனங்காணப்பட்டன.

ஆனால் எல்லாத் தாமதமும் தொலைவால் வருவதன்று. வானில் ரோகிணியைச் சூழத் தோன்றும் ஹையாடிஸ் கொத்தில் வி 471 டாரி என்னும் இரட்டை உண்டு. சுற்றுக்காலம் ஏறத்தாழ 12½ மணி. 1970 முதல் குறிக்கப்பட்டுவரும் அதன் கிரகணங்கள் நிமிடக் கணக்கில் முந்தியும் பிந்தியும் வந்தன. விண்மீனாக வளராத பழுப்புக் குறுமீன் ஒன்று, ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவ்விரட்டையைச் சுற்றுவதாக இருக்கலாம் என்று அறிஞர் கருதினர். அது இருக்க வேண்டிய இடத்தையும் கணித்தனர். சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கியில் ஸ்பியர் என்னும் புதிய கருவியைப் பொருத்தித் தேடினர். 2015-இல் முடிவு வெளியாயிற்று: அங்கே அது காணப்படவில்லை. இரட்டையுள் ஒரு மீனின் காந்த மாறுதல்கள் அதன் வடிவைச் சிறிதே மாற்றி, சுற்றுக்காலத்தையே நீட்டியும் குறுக்கியும் வரலாம் என்பது மற்றொரு விளக்கம்.

நான் தொலைவை மறந்து பையனைக் குறை கண்டேன். அவர்கள் தொலைவென்று எண்ணியதோ அவ்வாறு மெய்ப்படவில்லை. ஊகம் யாருக்கும் தவறலாம். ஆனால் அவர்கள் அவ்விடத்தை நோக்கிப் பார்த்தார்கள். நானோ, அந்தக் கிடை வரையில் ஒரு நாளும் நடந்து போய்ப் பார்த்ததில்லை.