நம் வீட்டிலும் ஒரு பிள்ளை தங்கட்டும்



வரும் ஆகஸ்டில் இந்த மினசோட்டாப் பள்ளிகளுக்கு ஓராண்டு படிக்க வரவிருக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வீடு தேடும் வேலை இப்போதே தொடங்கிவிட்டது. பள்ளியின் சம்மதமும் தங்கும் வீடும் ஆகஸ்ட் 31-க்குள் உறுதியாக வேண்டும். அது நடக்காவிட்டால் அந்தப் பிள்ளையின் பயணம் நின்றுபோகும். இந்த வட்டாரத்தில் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒருங்கிணைப்பாளர்களில் நானும் ஒருத்தி. தமிழ்க் குடும்பங்களிடம் போய்க் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரே பதில்தான் வருகிறது: "அமெரிக்காவைப் பார்க்க வருகிற பிள்ளை. எங்கள் வீட்டில் சாம்பாரும் ரசமும்தானே, எங்களிடம் எதற்கு?" அந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்த மாணவர் பரிமாற்றம் போர்க்களத்தில் வேர்விட்ட முயற்சி. 1915-ல் பிரான்சில் காயம்பட்ட வீரர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்கள் அமைத்ததுதான் அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ். இரண்டு உலகப் போர்களையும் பார்த்த பிறகு, அந்த அமைப்பைச் சேர்ந்த ஸ்டீஃபன் கலாட்டியும் அவருடைய தோழர்களும் பள்ளிப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்கள். 1947-ல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்கள் இங்கே வந்தார்கள். பிறகு 2001 செப்டம்பர் தாக்குதல். நம்மில் எத்தனை பேர் அந்த நாட்களில் விமான நிலையத்தில் தனியே நிறுத்தப்பட்டோம் என்று உங்களுக்கே தெரியும். அந்த அச்சம் ஆறுவதற்குள், 2002-ல், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பிள்ளைகளை அமெரிக்க அரசின் செலவில் அழைத்து வர 'யெஸ்' என்ற திட்டம் தொடங்கியது. அந்த நேரத்திலும் கதவைத் திறந்து வைத்த வீடுகள் இருந்தன.

என் பொறுப்பில் இருந்த ஓர் இந்தோனேசிய மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். அவள் முதலில் தங்கிய வீட்டில் வேலை மாற்றல் வந்துவிட்டதால் நவம்பரில் வேறு வீடு தேட வேண்டியதாயிற்று. நம் தமிழ்ச் சங்கத்தில் ஒரு மதுரைக் குடும்பம் முன்வந்தது. முதல் நாள் இரவு, பிள்ளை சங்கடப்படக் கூடாதென்று மேசையில் கரண்டியும் முள்கரண்டியும் எடுத்து வைத்திருந்தார்கள். பாட்டி மட்டும் எப்போதும்போலச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவர் கையையே பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்து, சோற்றில் பொரியலைச் சேர்த்துக் கையாலேயே எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். ஊரைவிட்டு வந்ததிலிருந்து அப்படிச் சாப்பிட்டதே இல்லை என்று என்னிடம் சொன்னாள். நோன்பு மாதம் வந்தபோது அந்த வீட்டம்மா கிழக்கு வெளுக்கும் முன்னே எழுந்து தோசை வார்த்துக் கொடுத்தார். காயல்பட்டினத்துத் தோழி ஒருவரிடம் கேட்டு நோன்புக் கஞ்சி காய்ச்சவும் கற்றுக்கொண்டார். அதே பெண்தான் அந்த வீட்டிலிருந்து ஐஸ் ஹாக்கி பார்க்கப் போனாள், பள்ளி வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசித்தாள், வாசலில் பனி வாரினாள். அது அமெரிக்க வீடு இல்லையென்றால் வேறு எது?

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதற்குச் சம்பளம் கிடையாது. செலவுகளைப் பட்டியலிட்டு வரிக் கணக்குக் காட்டுகிறவர்கள் மாதம் 50 டாலர் வரை கழிவு கேட்கலாம், அவ்வளவுதான். தனி அறை கட்டாயமில்லை. தனிக் கட்டில் கட்டாயம். வீட்டில் குடியிருக்கும் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை உண்டு, தாத்தா பாட்டி உட்பட. "எங்களையா சந்தேகப்படுகிறீர்கள்?" என்று ஓர் அண்ணன் என்னிடம் கோபித்துக்கொண்டார். பதினாறு வயதுப் பெண்ணை முன்பின் தெரியாத வீட்டுக்கு அனுப்பும் ஒரு தாயின் இடத்தில் நின்று பாருங்கள் அண்ணா. ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் அட்டை இருக்கும். அதில் என் எண்ணும், திட்டத்தை நடத்தும் அமைப்பின் எண்ணும், வெளியுறவுத் துறையின் உதவி எண்ணும் இருக்கும். உங்கள் வீட்டைப் பற்றியே குறை சொல்ல அந்தப் பிள்ளை அழைத்தாலும் நீங்கள் தடுக்கக் கூடாது. பிள்ளையை வைத்திருப்பவரே கண்காணிப்பவராகவும் இருக்கக் கூடாதென்று விதி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

நம்மவர்களிடம் உரிமையோடு இன்னும் சில சொல்ல வேண்டும். மதிப்பெண்ணைக் கேட்டுத் துளைக்காதீர்கள். உங்கள் குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவோ, நீங்கள் வெளியே போனால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ அந்தப் பிள்ளை வரவில்லை. அதே சமயம் விருந்தாளியாகவும் உட்கார வைக்காதீர்கள். உங்கள் பிள்ளை தட்டைக் கழுவினால் அதுவும் கழுவட்டும்.

டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது. வீட்டு ஏக்கம் முற்றுவது அப்போதுதான். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளையிடம் "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். காய்கறி வாங்கக் கூட்டிக்கொண்டு போங்கள். முகம் பார்க்க வேண்டாத காரில், சாலையைப் பார்த்தபடி, பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டு வாரமாகியும் முகம் தெளியவில்லையா, என்னைக் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறையாவது பிள்ளையோடும் உங்களோடும் பேசுவது என் கடமை. அதற்காக அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீடு அந்தப் பிள்ளைக்குப் பொருந்தவில்லை என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், வேறு வீடு பார்ப்போம். அதில் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

விண்ணப்பங்கள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கின்றன. ஓராண்டு முடியாதவர்கள், நிலையான வீடு அமையும்வரை சில வாரங்களுக்கு ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளலாம்; சோதனைகள் அதற்கும் உண்டு. பொங்கல் சாப்பாடு முடிந்ததும் நான் அங்கேதான் நிற்பேன். வரும்போது உங்கள் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அறையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய கேள்விகளுக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.