ரசீது இல்லாத செலவு

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்பது, "எப்ப சரியாகும்?" பெற்றவர்கள் மனசுக்குள் ஓடுவதோ, "எவ்வளவு ஆகும்?" பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி எல்லாம் வாரந்தோறும், வருஷக்கணக்கில் நடக்க வேண்டியவை.

1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளை, 'நிராமயா' என்றொரு மருத்துவக் காப்பீடு நடத்துகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு, இந்த நான்குக்கும் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். சேருவதற்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது. தொடர் பயிற்சிகளுக்கும் பணம் தருவார்கள், ஆனால் அதற்கென்று தனி உச்சவரம்பு.

சிக்கல் என்னவென்றால், முதலில் கைக்காசைப் போட்டுவிட்டு, பிறகு ரசீது அனுப்பித்தான் வாங்க வேண்டும். பட்டுக்கோட்டைப் பக்கம் நடவுக்குப் போகிற அம்மா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினால் அன்றைய கூலி போச்சு. சம்பா நடவு நேரத்தில் அது சின்ன இழப்பா? அதற்கு யார் ரசீது தருவார்கள்? இதையும் கணக்கில் எடுக்காத உதவி, பாதி உதவிதான் என்பேன்.

அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் 18 வயது வரை கட்டணமில்லை. முதலில் அங்கே விசாரியுங்கள். நிராமயாவில் ஏற்கெனவே சேர்ந்தவர்கள், மார்ச் 31க்குள் புதுப்பித்துவிடுங்கள்.