இன்னலும் துணிவும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இன்னல் நேரும்போது மனத்திடத்தையும் நம்பிக்கையையும் எங்கிருந்து பெறுவது? இவ்வினாவிற்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் கிராமத்திற் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசனார். கோயமுத்தூரில் பயின்ற காலத்தில், தம் சாதியைப் பிற மாணவர் அறிந்துவிடுவரோ என அஞ்சி, மணி அடிக்கும்வரை வெளியே அமர்ந்து படித்திருப்பார். வகுப்பு முடிந்ததும் யாரோடும் பழகாமல் விரைந்து வீடு திரும்புவார். 1939இல் வெளியான தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் இதனை அவரே எழுதியுள்ளார்.

அவ்வாறு அஞ்சிய மாணவர்தாம் 1893இல் சென்னையில் ஓர் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரை மறைத்து வாழ்ந்தாரோ அந்தப் பெயரையே, 'பறையன்' என்று, அவ்விதழுக்குச் சூட்டினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை நம் மக்களும் பயன்படுத்தும் உரிமைக்கான தீர்மானத்தை 1924இல் நிறைவேறச் செய்தார். இதழ் தொடங்கி முப்பத்தோராண்டு கழித்துக் கிடைத்த பலன் அது! நம்பிக்கை என்பது நல்ல காலம் வருமென்று காத்திருப்பதன்று. வரும்வரை வேலை செய்வது.

இளைஞர்களே! இன்று ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்துள்ளன. அவை நம் பிள்ளைகளுக்குச் சம்பளம் தந்தன. பல வீடுகளில் கூரை மாறிற்று. இதனை நான் மறுக்கவில்லை. ஆனால் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாள் நின்றபோது, ஆயிரக்கணக்கான இளைஞர், யுவதியர் வேலையிழந்தனர். அவ்வளாகத்தை வேறொரு நிறுவனம் வாங்கும் செய்தி 2019இல்தான் வந்தது. கட்டிடம் ஐந்தாண்டு காத்திருக்கும்; ஏழை வீட்டு அடுப்பு ஐந்து நாள் காத்திருக்குமா?

ஆதலின் வேலை இருக்கும்போதே இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தாதீர்கள். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டத்தையோ, வேறோர் ஆலையும் ஏற்கும் தொழிற்சான்றையோ பெறுங்கள். ஒரே பொறியில் ஒரே பணியைச் செய்து பழகிய கைக்கு, அப்பொறி நின்றால் வேறு போக்கில்லை.

இரண்டாவது, உங்கள் நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் படியுங்கள். வருங்கால வைப்புநிதி எண்ணைக் குறித்து வையுங்கள். ஆலை மூடலால் வேலையிழக்கும் காப்பீட்டாளர்க்கு உதவித்தொகை வழங்க ஈ.எஸ்.ஐ.யில் 2005இல் ஒரு திட்டம் ஏற்பட்டது. படித்தறியாதவனுக்குச் சட்டம் தரும் உரிமையும் எட்டாக்கனியே.

பொறுத்துக்கொள் என்றே நம் முன்னோர்க்குப் போதித்தார்கள். பொறுமை நற்குணந்தான், ஆயினும் அறிவில்லாப் பொறுமை அடிமைத்தனத்திற்கே துணைபோகும். துன்பத்தின் காரணத்தை ஆராய்வது அறிவு. அதனைப் பிறர்க்கும் சொல்லி ஒன்றுகூடுவது துணிவு. சீனிவாசனார் தனியே அமர்ந்து படித்தார். உங்களுக்கோ சேர்ந்தமர்ந்து படிக்க இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக விளக்கேற்றி வைத்திருக்கிறது. வேலைமுறை முடிந்து வரும் தம்பி, தங்கையர் வாரம் ஒரு மாலையேனும் இங்கு வந்து, தாம் கற்றதை இளையோர்க்குக் கற்பிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.