காமன் கூத்தும் நம் வீட்டு ஊசியும்



இன்று பிள்ளைகள் கடையில் தொங்கும் சூப்பர்மேன் உடுப்பைக் கேட்டு அழுகிறார்கள். கேட்கட்டும். 1938இல் அமெரிக்கச் சித்திரக் கதையில் பிறந்த அவ்வீரனுக்கு உடுப்புத் தைத்தவள் யார்? வளர்ப்புத் தாய், குழந்தையைச் சுற்றியிருந்த கம்பளியைக் கொண்டே தைத்தாள் என்பது கதை. மழையில் கம்பளி போர்த்தி மலையேறிய நமக்கு இது புதுமையா?

மாசி மாதக் காமன் கூத்துக்கு மன்மதன், ரதி, வீரபத்திரன், எமன் என ஒரு லயமே வேடம் தைத்தது. ரதி வேடம் கட்டிய ஆண்பிள்ளைக்கு அக்காளின் சேலை. கிரீடத்துக்கு அட்டையும் வர்ணக் காகிதமும்.

என் பிழையையும் சொல்கிறேன். தந்தையார் அணிந்த மன்மதன் சட்டையை என் அளவுக்கு வெட்டிவிட்டேன். மறு ஆண்டு அது தமையனாருக்கு ஏறவில்லை. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய துண்டுகளை மட்டும் பெட்டியில் எடுத்து வைத்தார்.

ஆகையால் வெட்டாதீர்கள், உள்ளே மடித்துத் தையுங்கள். பக்கத் தையலுக்குப் பதில் நாடா வையுங்கள். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே சட்டை பொருந்தும். கிரீடத்தின் பின்புறத்தைத் திறந்து விட்டுக் கயிற்றால் கட்டுங்கள்; எத்தலைக்கும் அமையும்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து இளைஞர்களே! அடுத்த மாசிக்கு முன் உங்கள் வீட்டுப் பழைய பெட்டியைத் திறவுங்கள். தைத்த கை இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். சட்டை கிழிந்தால் ஒட்டுப் போடலாம். கை போய்விட்டால் எதைக்கொண்டு ஒட்டுவது?