சரக்கு போகும் பாதை, சனம் நிற்கும் இடம்

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய பயிலரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



ரயில்வே பாதுகாப்பு பற்றிப் பேசப்போறேன்னு சொன்னதும், தலித் அரசியலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சிலர் கேட்டாங்க. சம்பந்தம் இருக்கு. பாதுகாப்பு என்ற சொல்லை அரசு சொல்லும்போது யாருடைய பாதுகாப்பைச் சொல்கிறது, யாரைக் கணக்கில் எடுக்கிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதுதான் நம் கேள்வி. சாதி என்பதே யார் கணக்கில் வருவார், யார் வரமாட்டார் என்ற ஏற்பாடுதானே.

ரயில் என்றதும் நமக்குப் பயணம்தான் நினைவுக்கு வரும். ஆனால் ரயில்வே பிழைப்பது பயணிகளால் அல்ல, சரக்கால். அதன் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. 2022-23இல் 150 கோடி டன்னுக்கு மேல் ஏற்றினார்கள். அதில் பாதியளவு நிலக்கரி. தொடக்கமும் சரக்குதான். 1837இல் செங்குன்றத்திலிருந்து சென்னைக்குச் சாலை போடக் கல் கொண்டுவர ஒரு பாதை போட்டார்கள். இந்தியாவில் தண்டவாளம் வந்தது அதற்காகத்தான். ராயபுரத்திலிருந்து பயணிகள் வண்டி புறப்பட்டது 1856இல். முதலில் கல் போனது. பிறகுதான் மனுசன் போனான். இந்த வரிசை இன்றைக்கும் மாறவில்லை.

எப்போது இது அப்பட்டமாகத் தெரிந்தது என்றால், 2020இல். ஊரடங்கில் பயணிகள் வண்டிகள் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நிலையங்களைப் பூட்டினார்கள். சரக்கு வண்டிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் இரும்பாலையில் வேலை பார்த்த 20 பேர் மத்தியப் பிரதேசத்துக்குத் திரும்பப் புறப்பட்டார்கள். 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புசாவல் நிலையத்துக்குப் போனால் சிறப்பு ரயில் கிடைக்கும் என்று நம்பி, தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கால் ஓய்ந்து கர்மாட் அருகே தண்டவாளத்திலேயே படுத்தார்கள். வண்டிதான் ஓடவில்லையே என்ற நம்பிக்கை. மே 8 விடியற்காலை காலி எண்ணெய் டேங்கர்களோடு வந்த சரக்கு வண்டி ஏறியதில் 16 பேர் செத்தார்கள். சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படத்தை எல்லோரும் பார்த்தோம். செத்தவர்கள் ஷாடோல், உமரியா மாவட்டத்துக்காரர்கள். பெரும்பாலோர் கோண்டு ஆதிவாசிகள்.

டிரைவர் மீது பழி போட முடியாது. ஓடுகிற சரக்கு வண்டிக்கு பிரேக் போட்டால் அது நினைத்த இடத்தில் நிற்காது. முழுச் சுமையில் 5,000 டன் எடை, முக்கால் கிலோமீட்டரை நெருங்கும் நீளம். கேள்வி வேறு. எண்ணெய்க்கும் கரிக்கும் பாதை திறந்திருந்தபோது, அந்த எண்ணெயையும் கரியையும் எரிக்கிற ஆலையில் உழைத்தவனுக்கு நிலையத்தின் கதவு ஏன் மூடியிருந்தது?

சட்டத்தில் அவர்களுக்கு என்ன பெயர் தெரியுமா? அத்துமீறி நுழைந்தவர்கள். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவு. உயிரோடு பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். செத்தால்? ரயில் விபத்துக் கணக்கிலேயே வராது. வண்டி தடம் புரண்டால் விபத்து. வண்டியும் வண்டியும் மோதினால் விபத்து. வண்டி மனிதன்மேல் ஏறினால் அது விபத்துப் பட்டியலில் இல்லை. வண்டிக்கு எதுவும் ஆகவில்லை, பாருங்க!

அனில் ககோட்கர் தலைமையிலான உயர்மட்டப் பாதுகாப்புக் குழு 2012இல் அறிக்கை கொடுத்தது. தண்டவாளத்தைக் கடக்கும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் சாகிறார்கள் என்று அதில் இருக்கிறது. இதைப் படுகொலை என்றே அந்தக் குழு எழுதியது. மக்கள் திமிரெடுத்துக் கடப்பதில்லை. நடைமேம்பாலம் இல்லை, வேலி இல்லை என்றும் சொன்னது. நாம் அதோடு இன்னொன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம் கடைத்தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி? எந்தப் பக்கம் சேரி? உங்கள் ஊரை மனசில் வைத்துக்கொண்டு நீங்களே பதில் சொல்லுங்கள். அந்தாண்ட இருக்கிறவன்தான் தினமும் கடக்கிறான். அவனைத்தான் சட்டம் அத்துமீறியவன் என்கிறது.

வெளியாள் கதை இப்படி. ரயில்வேயிலேயே வேலை பார்ப்பவர் கதை என்ன? அதே ககோட்கர் அறிக்கையைப் பாருங்கள். 2007-08 முதல் 2011 வரை ரயில் விபத்துகளில் செத்தவர்கள் சுமார் 1,000 பேர். அதே காலத்தில் பணியில் இருக்கும்போது செத்த ரயில்வே ஊழியர்கள் சுமார் 1,600 பேர். முதல் கணக்குக்கு அமைச்சர் வருகிறார், கேமரா வருகிறது, விசாரணை வருகிறது. இரண்டாவது கணக்கு அறிக்கையில் ஒரு வரி.

யார் இந்த 1,600 பேர்? கணிசமானவர்கள் தடத்தில் நின்று வேலை செய்கிறவர்கள். கீமேன் விடிவதற்கு முன்னால் கிளம்பி, சம்மட்டியும் ஸ்பேனரும் கொடியும் தூக்கிக்கொண்டு, தன் பங்குக்கான கிலோமீட்டர்களை ஒவ்வொரு கிளிப்பாகப் பார்த்துக்கொண்டே நடக்கிறார். எதிர்த் தடத்தில் ஒரு சரக்கு வண்டி போனால், அந்தச் சத்தத்தில் தன் தடத்தில் வருகிற வண்டி காதில் விழாது. பனியில் கண்ணும் தெரியாது. பெரும்பாலும் இப்படித்தான் சாகிறார்கள். இந்த வேலையில் தலித்துகளும் ஆதிவாசிகளும் பிற்பட்ட சாதியாருமே நிறைந்திருக்கிறார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

2005க்குப் பிறகு ரயில்வே லாபத்துக்குத் திரும்பிய அதிசயம் பற்றி மேலாண்மைப் படிப்புகளில் பாடம் நடத்தினார்கள். அந்த அதிசயத்தில் ஒரு பெரும்பங்கு, அதே வேகனில் கூடுதல் சரக்கு ஏற்றியது. ஒரு அச்சின் மேல் 20.3 டன் என்றிருந்ததை 22.9 டன் வரை உயர்த்தினார்கள். அச்சு கனத்தால் தண்டவாளம் சீக்கிரம் தளரும், விரிசல் விழும், பற்றவைப்பு விடும். அதை யார் தேடிக் கண்டுபிடிப்பது, யார் சரி செய்வது? கேங்மேன். டன் கணக்கு பாடப்புத்தகத்துக்குப் போனது. கேங்மேனின் தோள் எந்தப் புத்தகத்துக்கும் போகவில்லை. ஆனால் பெயர் மாறியது: கேங்மேன் டிராக்மேன் ஆனார், டிராக்மேன் டிராக் மெய்ன்டெய்னர் ஆனார். பெயர் மாற்றுவது செலவில்லாத சீர்திருத்தம். ஆள் எடுப்பது செலவு. 2023இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதிலில், ரயில்வேயில் 2.7 லட்சத்துக்கு மேல் காலியிடங்கள். அதில் 1.7 லட்சத்துக்கு மேல் பாதுகாப்போடு நேரடியாகத் தொடர்புள்ளவை.

2023 ஜூன் 2. ஒடிசாவில் பஹாநகா பஜார் நிலையத்தில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், பச்சை விளக்கு பார்த்து வந்த வண்டி, பக்கத் தடத்தில் நின்ற இரும்புத் தாது சரக்கு வண்டியில் மோதியது. 290 பேருக்கு மேல் செத்தார்கள். சிக்னல் கம்பி இணைப்பில் தவறு என்று விசாரணை சொன்னது. நம்மைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது இன்னொன்று. முன்பதிவுப் பெட்டியில் இருந்தவருக்குப் பட்டியல் உண்டு. பெயர், வயது, இருக்கை எண் எல்லாம் உண்டு. முன்பதிவில்லாப் பெட்டியில் தெற்கே வேலைக்கு வந்துகொண்டிருந்தவருக்கு எந்தப் பட்டியலும் இல்லை. நாலு மாதம் கழித்து, யாரும் கேட்டு வராத 28 உடல்களைப் புவனேஸ்வர் மாநகராட்சியே எரித்தது. ரிசர்வேஷன் என்றால் முகம் சுளிக்கிற நாடு இது. ஆனால் ரிசர்வேஷன் இருந்தால்தான் ரயிலில் செத்தவனுக்குப் பெயரே உண்டு.

2024 ஜூன் 17, வங்காளத்தில் ரங்காபாணி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்னால் சரக்கு வண்டி மோதியது. செத்த சரக்கு வண்டி லோகோ பைலட் மீது அன்றைக்கே பழி சொன்னார்கள். சிக்னல் பழுதானால் எப்படி ஓட்டுவது என்ற பயிற்சியே சரியில்லை, கொடுத்த எழுத்துத் தாளே தவறு, இது நடக்கக் காத்திருந்த விபத்து என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை பிறகு சொன்னது. பழி உடனே கீழே இறங்கும். உண்மை மெதுவாகத்தான் மேலே ஏறும்.

இனி நிலையத்துக்கு வருவோம்.

காந்தியைத் தென்னாப்பிரிக்காவில் ரயிலிலிருந்து இறக்கிவிட்டது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. 1901இல் ஒன்பது வயது அம்பேத்கர் மசூர் நிலையத்தில் நின்றது எத்தனை புத்தகத்தில் இருக்கிறது? நன்றாக உடுத்திய பிள்ளைகள் என்று அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டரின் முகம், மகார் என்று கேட்டதும் மாறியதை அவரே எழுதியிருக்கிறார். வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்தார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டிப் போனார்கள். தண்டவாளம் நிலையம் வரை கொண்டுவந்து விட்டது. அதற்கு வெளியே ஊர் அப்படியே நின்றது. நிலையத்துக்கு உள்ளேயும் ஊர் இருந்தது. தென்னிந்திய ரயில் நிலையங்களின் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனியிடம் இருந்தது. சுயமரியாதை இயக்கம் போராடி 1941இல்தான் அந்தப் பலகைகள் இறங்கின.

பலகை இறங்கிய பிறகு, நிலையம் நம் சனத்துக்கு ஓர் அரிய இடமாக ஆனது. உன் பெயர் என்ன, எந்தத் தெரு என்று கேட்காமல் உட்கார விடுகிற இடங்கள் இந்த நாட்டில் குறைவு. குழாயில் தண்ணீர் குடிக்கலாம், மழைக்கு ஒதுங்கலாம், வேலை தேடி நகரத்துக்கு வந்த முதல் ராத்திரி துண்டை விரித்துப் படுக்கலாம். ஊரைவிட்டு ஓடிவந்த காதலர்களுக்கும் அதுதான் முதல் புகலிடம்.

இப்போது அந்த இடத்தைத்தான் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். 2021 நவம்பரில் போபாலில் ஹபீப்கஞ்ச் நிலையத்தைத் தனியார் கூட்டில் விமான நிலையம் போலக் கட்டித் திறந்தார்கள். அம்ரித் பாரத் திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் அடுத்து. 2025 மே 22இல் திறந்த 103 நிலையங்களில் தமிழகத்தில் 9: சிதம்பரம், ஸ்ரீரங்கம், பரங்கிமலை என்று. அகன்ற முகப்பு, லிஃப்ட், கடைகள். ஹபீப்கஞ்ச் நிலையத்துக்கு என்ன பெயர் வைத்தார்கள்? ராணி கமலாபதி. கோண்டு அரசி! ஒன்றரை ஆண்டுக்கு முன்னால் அதே மாநிலத்துக் கோண்டு இளைஞர்கள் நிலையம் தேடி நடந்து தண்டவாளத்தில் செத்தார்கள். அரசிக்கு முகப்பில் இடம் உண்டு. அவள் சனத்துக்கு உள்ளே இடமில்லை.

லிஃப்ட் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்பார்கள். வேண்டும். கால் இயலாதவருக்கும் கிழவிக்கும் அது உரிமை. நாம் கேட்பது, எந்தக் காசில், யாரை வெளியே தள்ளி என்பதை. 2017-18இல் தண்டவாளம் புதுப்பிக்க, சிக்னல் சரிசெய்ய என்று ஐந்தாண்டில் 1 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒரு பாதுகாப்பு நிதியை அறிவித்தார்கள். அந்த நிதியிலிருந்து கால் பிடித்துவிடும் கருவி, பீங்கான் பாத்திரம், மேசை நாற்காலி, தோட்டம் என்றெல்லாம் செலவு எழுதியிருப்பதை, 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை காட்டியது. தண்டவாளத்தில் நடந்து நடந்து கால் ஓய்ந்தவன் கேங்மேன். யார் காலைப் பிடித்துவிட அந்தக் கருவி?

நிலையத்தில் மூட்டை தூக்கியவர்கள் எங்கே போனார்கள்? 2008 பட்ஜெட்டில் உரிமம் பெற்ற கூலிகளை கேங்மேன்களாக எடுப்பதாக அறிவித்து, பல ஆயிரம் பேரைத் தடத்துக்கு அனுப்பினார்கள். அரசு வேலை, நல்லதுதான். மீந்தவர்களுக்கு 2016இல் ‘சகாயக்’ என்று பெயர் மாற்றினார்கள். மறுபடியும் செலவில்லாத சீர்திருத்தம்.

பளபளக்கும் தரைக்குக் கீழேயும் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. குப்பைக்குப் பொறுப்பு ரயில்வேயா, மாநகராட்சியா என்று இரண்டு தரப்பும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பர் 2இல் ஷொர்ணூர் அருகே பாரதப்புழைப் பாலத்தில் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்த நான்கு ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் கேரளா எக்ஸ்பிரஸில் அடிபட்டுச் செத்தார்கள். இருவர் பெண்கள். நால்வரும் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர்கள். பாலத்தில் ஒதுங்க இடமில்லை. ஜன்னல் வழியே நாம் வீசுகிற குப்பைதான் அது.

தண்டவாளத்தில் மலம் அள்ளுவதும் மலம் அள்ளும் தொழில்தான் என்று 2013 சட்டம் சொல்கிறது. பெட்டிகளில் உயிரிக் கழிப்பறை வந்தது. அது போராட்டத்தால் வந்தது. 2014இல் உச்சநீதிமன்றமும் காலக்கெடு வைத்துச் செய் என்று சொன்னது. கருவி வந்தால் சாதி போய்விடும் என்று நினைக்காதீர்கள். மலம் போனது, குப்பை வந்தது. ஆள் அதே ஆள், இப்போது ஒப்பந்தத்தில். விபத்து நடந்தால், ‘எங்கள் ஊழியர் இல்லை’ என்று சொல்லிவிட வசதி.

என்ன கேட்கப் போகிறோம்? ஒன்று, தடத்தில் சாகிற ஒவ்வொருவரையும், ஊழியரோ ஒப்பந்தக்காரரோ வழிப்போக்கரோ, ரயில் விபத்துக் கணக்கில் சேர். இரண்டு, வண்டி வருவதை முன்கூட்டியே எச்சரிக்கிற கருவியை கீமேன் முதல் குப்பை பொறுக்குபவர் வரை ஒவ்வொருவர் கையிலும் கொடு. முகப்புக் கண்ணாடி பிறகு. மூன்று, பாதுகாப்புப் பணியிடங்களை நிரப்பு. நான்கு, நிலையத்தைப் புதுப்பிக்கும் முன்னால் சேரிப் பக்கம் ஒரு வாசலும் ஒரு நடைமேம்பாலமும் கட்டு. ஐந்து, காசு கொடுக்காமல் உட்கார, குடிக்க, ஒதுங்க இடம் இல்லாத நிலையத்தைப் பொது நிலையம் என்று சொல்லாதே.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. அவரவர் ஊர் நிலையத்துக்குப் போங்கள். முகப்பைப் படம் எடுக்காதீர்கள். பின்பக்கம் போய், கேங் ஆட்களோடு உட்கார்ந்து, போன பத்து வருசத்தில் அந்தத் தடத்தில் யார் யார் செத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பெயர், வேலை, நிரந்தரமா ஒப்பந்தமா, குடும்பத்துக்கு என்ன கிடைத்தது. அதிகாரிகளிடம் இந்தப் பட்டியல் இருக்காது. அவர்களிடம் வேகன் கணக்கு இருக்கும். எத்தனை வேகன், எத்தனை டன், எத்தனை மணிக்குப் போனது என்று ஒன்று விடாமல் இருக்கும். சரக்குக்குப் போட்ட அந்தக் கணக்கை மனுசனுக்கும் போடு என்பதுதான் நம் கோரிக்கை. முதல் பட்டியலை நாமே எழுதித் தொடங்குவோம்.