‘இங்கே ரிசர்வேஷன் இல்லை’: டப்ளின் துறைமுகத்தில் கேட்ட ஒரு பொய்

(சென்னையில் இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நகரம், வளர்ச்சி, சாதி என்று மூன்று சொற்களைக் கொடுத்து ஏதாவது பேசுங்கள் என்றார்கள். நான் வாழ்ந்து பார்த்த ஓர் இடத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில், லிஃபி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பழைய துறைமுகப் பகுதி. இப்போது அதற்குச் செல்லப் பெயர் சிலிக்கான் டாக்ஸ். கூகுள், ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஐரோப்பிய அலுவலகங்களை அங்கேதான் அமைத்தன. மென்பொருள் வேலைக்காக ஒன்றரை ஆண்டு நானும் அங்கே இருந்தேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் நம் ஊரிலிருந்து வந்த ஒரு நண்பர் கண்ணாடிச் சுவருக்கு வெளியே தெரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இந்த ஊர்ல ரிசர்வேஷன் கிடையாது, கோட்டா கிடையாது. திறமை இருக்கிறவன் மேல வர்றான். அதனாலதான் பாழாக் கிடந்த துறைமுகம் இப்படி ஆயிருக்கு.”

மேசையிலிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பேசாமல் இருந்தேன். என் தாத்தா சென்னைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. இட ஒதுக்கீட்டில் பொறியியல் படித்தவன். அதை அங்கே சொல்லியிருக்கலாம். சொன்னால், மறுநாளிலிருந்து என் வேலையில் வரும் ஒவ்வொரு சின்னப் பிழைக்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். அந்த மௌனம் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த உறுத்தலில்தான் அந்த இடத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் அந்தத் துறைமுகத்தில் வேலை எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம்.

காலையில் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள். கங்காணி மேடான இடத்தில் ஏறி நின்று பெயர்களைப் படிப்பார். பெயர் வந்தவனுக்கு அன்று கூலி. வராதவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். நிலக்கரியை மண்வாரியால் அள்ளி அள்ளிக் கப்பலைக் காலி செய்த மனிதர்கள் அவர்கள். 1913இல் ஜிம் லார்கின் தலைமையில் எழுந்த தொழிற்சங்கத்தை உடைக்க முதலாளிகள் கதவடைப்பு செய்தபோது சுமார் 20,000 தொழிலாளர்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். அந்தப் போராட்டத்தில் இந்தத் துறைமுகத் தொழிலாளர்களும் இருந்தார்கள்.

1940களில் ஒரு பொத்தான் முறை வந்தது. சங்கத்தில் பதிவு செய்த தொழிலாளிக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பொத்தான் கொடுப்பார்கள். பொத்தான் உள்ளவரை முதலில் கூப்பிடுவார்கள். மிச்சமிருந்தால்தான் பொத்தான் இல்லாதவருக்கு வேலை. அந்தப் பொத்தான் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும்.

கவனியுங்கள் தோழர்களே. கோட்டாவே இல்லாத ஊர் என்று என் நண்பர் சொன்ன அதே கரையில், பிறப்பை வைத்து வேலை கொடுக்கும் முறை ஒன்று நடந்திருக்கிறது. அதைச் சாதி என்று நான் சொல்லவில்லை. பொத்தான் இல்லாதவனைத் தொட்டால் தீட்டு என்று அங்கே யாரும் குளிக்கப் போகவில்லை. பொத்தான் வீட்டுப் பெண்ணைக் கட்டினான் என்று யாரையும் வெட்டிப் போடவில்லை. உழைப்பவர்களையே மேல் கீழாக அடுக்கி, அந்த அடுக்குக்கு மதத்தின் ஒப்புதலையும் வாங்கி வைத்திருக்கும் ஏற்பாடுதான் சாதி என்று நமக்குப் புரியவைத்தவர் அண்ணல் அம்பேத்கர். அந்தக் கொடுமைக்கு இணையாக எதையும் வைக்க வேண்டாம். ஆனால் ‘திறமை மட்டும்தான் பேசும்’ என்று சொல்லப்பட்ட அந்த மண்ணிலும், அப்பா யார் என்ற கேள்வி பேசியிருக்கிறது.

பிறகு கன்டெய்னர் வந்தது. நூறு பேர் நாள்கணக்கில் இறக்கிய சரக்கை ஒரு கிரேன் சில மணி நேரத்தில் இறக்கியது. பெரிய கப்பல்களுக்காகத் துறைமுகம் கடலை நோக்கி நகர்ந்தது. பழைய கரையில் கிடங்குகள் பூட்டிக் கிடந்தன. ஷெரிஃப் தெரு, ரிங்ஸெண்ட் போன்ற தொழிலாளர் குடியிருப்புகளில் வேலையின்மை தலைமுறைகளைத் தின்றது. 1980களில் வடகரைத் தெருக்களில் ஹெராயின் புகுந்தது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர்கள் தாங்களே திரண்டு போதைப்பொருள் விற்பவர்களுக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். ‘பாழாய்க் கிடந்தது’ என்று நண்பர் சொன்னாரே, அங்கே மனிதர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இந்தக் கதையில் நீங்கள் மறக்கக் கூடாத ஒரு பெயர் உண்டு: டோனி கிரிகொரி. துறைமுகக் கிடங்குத் தொழிலாளியின் மகன், பள்ளி ஆசிரியர். 1982 பிப்ரவரித் தேர்தலில் அந்த வடகரைப் பகுதியிலிருந்து சுயேச்சையாக வென்றார். நாடாளுமன்றத்துக்கு டை கட்டாமல் போனார். டை வாங்க முடியாத மக்களின் பிரதிநிதியான தனக்கு எதற்கு டை என்பது அவர் நிலை. அப்போது எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. சார்லஸ் ஹாஹி பிரதமராக வேண்டுமென்றால் கிரிகொரியின் ஓட்டு வேண்டும். கிரிகொரி பதவி எதுவும் கேட்கவில்லை. தன் மக்களுக்கு வீடு, வேலை, பள்ளி என்று பட்டியல் போட்டார். துறைமுக வாரியத்தின் 27 ஏக்கர் நிலத்தை அரசு கையகப்படுத்த வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒப்பந்தத்தில் ஹாஹியைக் கையெழுத்திட வைத்து, அதை நாடாளுமன்றப் பதிவேட்டிலும் ஏற்றினார்.

ஒற்றை ஓட்டு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பிரதிநிதித்துவம் என்று நாம் ஓயாமல் பேசுவது இதைத்தான்.

ஆனால் அந்த அரசு அதே ஆண்டு நவம்பரில் கவிழ்ந்தது. 1987இல் அதே ஹாஹி மீண்டும் பிரதமரானார். இம்முறை அவருக்குக் கிரிகொரியின் பட்டியல் தேவைப்படவில்லை. அந்த 27 ஏக்கரில் சர்வதேச நிதிச் சேவை மையம் எழுந்தது. அங்கே வந்த நிறுவனங்களுக்கு அப்போது வரி 10 சதவீதமாகத்தான் இருந்தது. வங்கிகள் வந்தன, காவலாளி நிற்கும் அடுக்குமாடிகள் வந்தன. பக்கத்திலிருந்த ஷெரிஃப் தெருவுக்கும் அந்தப் புதுக் கட்டடங்களுக்கும் நடுவே உயரமான மதில் நின்றது. உத்தப்புரம் சுவரைப் படத்தில் பார்த்து வளர்ந்த என் கண்ணில் அது உடனே பட்டது. அங்கே இருப்பது வர்க்கத்தின் சுவர், இங்கே இருந்தது தீண்டாமையின் சுவர். இரண்டும் வேறு வேறுதான். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் ஆபத்தானவர்கள் என்று இரண்டு சுவரும் சொல்கின்றன.

1997இல் டப்ளின் துறைமுகப் பகுதி மேம்பாட்டு ஆணையத்தைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். உள்ளூர் மக்களின் நெருக்குதலால் அதன் திட்டத்தில் ஒரு விதி வந்தது. கட்டப்படும் வீடுகளில் 20 சதவீதம் ஏழைகளுக்கும் குறைந்த வருமானக்காரர்களுக்கும் ஒதுக்க வேண்டும். இதற்குப் பெயர் என்ன தோழர்களே? இட ஒதுக்கீடுதானே? 2000ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டம் இதேபோல 20 சதவீதம் வரை ஒதுக்கும் விதியை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. இரண்டே ஆண்டுகளில் அதில் ஓட்டை போட்டார்கள். வீட்டுக்குப் பதிலாகப் பணமோ வேறு இடத்தில் நிலமோ கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கட்டுமான முதலாளிகளுக்கு வழி திறந்தார்கள். 2015இல் 20ஐ 10 ஆகக் குறைத்தார்கள். 2021இல் மறுபடி 20 என்றார்கள். ஒதுக்கீட்டை ஒழிக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லாமல், விதியைக் காகிதத்தில் வைத்துக்கொண்டே உள்ளே காலி செய்யும் கலை நமக்குப் புதிதல்ல. நிரப்பப்படாத பின்னடைவுப் பணியிடங்களைப் பார்த்துப் பழகியவர்கள் நாம்.

சரி, அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள் யார் காசில் எழுந்தன? தென்கரையில் பழைய எரிவாயு ஆலை இருந்த மண் முழுக்கத் தாரும் நச்சும் ஊறிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்தது அந்தப் பொது ஆணையம். 2006இல் அதே ஆணையம் தனியார் முதலாளிகளுடன் கூட்டுச் சேர்ந்து, ரிங்ஸெண்டில் மூடிக் கிடந்த கண்ணாடிப் புட்டி ஆலையின் நிலத்தை 41 கோடியே 20 லட்சம் யூரோ விலைக்கு வாங்கும் சூதாட்டத்தில் இறங்கியது. 2008இல் நிலச் சந்தை சரிந்தது. ஆணையமும் அத்தோடு சரிந்து, கடைசியில் கலைக்கப்பட்டது. வங்கிகளைக் காப்பாற்ற அயர்லாந்து மக்கள் கொட்டிய பணம் சுமார் 6,400 கோடி யூரோ. வராக்கடன்களை 2009இல் அமைத்த தேசிய சொத்து மேலாண்மை முகமை எடுத்துக்கொண்டது. துறைமுகப் பகுதியின் பெரும்பகுதி நிலம் அதன் பிடிக்குள் வந்தது. ஏற்கெனவே பாரோ தெருவுக்கு வந்திருந்த கூகுள், பக்கத்திலிருந்த மான்டிவெட்ரோ என்ற உயர்ந்த கட்டடத்தை 2011இல் சுமார் 10 கோடி யூரோவுக்கு வாங்கியது. 2014இல் அங்கே 22 ஹெக்டேர் நிலத்தில் விரைவாகக் கட்ட அனுமதி தரும் சிறப்புத் திட்டம் வந்தது. கம்பெனி வரியோ அப்போது, 2003 முதலே, 12.5 சதவீதமாக இருந்தது.

ஆக, நச்சு மண்ணைக் கழுவியது பொதுப் பணம். வங்கிகளைத் தூக்கி நிறுத்தியது பொதுப் பணம். வரியை விட்டுக்கொடுத்தது அரசு. இவ்வளவையும் கணக்கில் சேர்க்காமல், திறமையால் எழுந்த ஊர் என்கிறார்கள்.

அந்த வேலைகள் துறைமுகத் தொழிலாளியின் பேரனுக்கும் பேத்திக்கும் கிடைத்தனவா? கல்லூரியில் சேர முடிந்தால்தானே அந்தக் கதவைத் தட்ட முடியும்? அயர்லாந்தின் உயர்கல்வி ஆணையம் 2014இல் ஒரு கணக்கு வெளியிட்டது. வசதியானவர்கள் வாழும் டப்ளின் 6 என்ற அஞ்சல் பகுதியில் 100 இளைஞர்களுக்கு 99 பேர் உயர்கல்விக்குப் போனார்கள். ஷெரிஃப் தெரு இருக்கும் டப்ளின் 1 பகுதியில் 23 பேர். ஒரே நகரம்தான். சில கிலோமீட்டர் தூரத்தில் 99க்கும் 23க்கும் உள்ள வித்தியாசத்தைத் ‘திறமை’ என்ற சொல்லால் விளக்க முடியுமா?

இதை அந்த நாடும் உணர்ந்திருக்கிறது. வருமானம் குறைந்த, பின்தங்கிய குடும்பங்களின் பிள்ளைகளைக் கட்ஆஃபுக்குக் குறைவான மதிப்பெண்ணிலும் சேர்த்துக்கொள்ளும் மாணவர் சேர்க்கை முறை ஒன்றை அங்குள்ள பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் டிரினிட்டி கல்லூரி 1592இல் தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கான தனித் திட்டத்தை அது 1993இல்தான் தொடங்கியது. நாலு நூற்றாண்டு தாமதம்தான், ஆனாலும் தொடங்கிவிட்டது. ‘இந்த ஊரில் ரிசர்வேஷன் இல்லை’ என்று என் நண்பர் சொன்னது அந்தக் கல்லூரிக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அந்த அலுவலகத்துக்கு நானும் நண்பரும் போனது சென்னையின் ஓ.எம்.ஆர். சாலையிலிருந்து. அந்தச் சாலையில் கண்ணகி நகர் இருக்கிறது. கூவம் கரையிலும் நகரத்தின் மற்ற குடிசைப் பகுதிகளிலும் வாழ்ந்த மக்களை, பெரும்பாலும் தலித் மக்களை, 2000ஆம் ஆண்டு முதல் பிடுங்கி அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். டப்ளினில் கண்ணாடிக் கட்டடங்கள் ஏழைகளின் வாசலுக்கு வந்தன. இங்கே ஏழைகளைக் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் குவித்தார்கள். அந்தக் கட்டடங்களுக்குள் அவர்கள் எந்த வாசல் வழியாக, என்ன வேலைக்குப் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். துடைப்பமும் காவலாளி உடுப்பும்தான் கையில் கிடைக்கின்றன. அங்கேயாவது ஷெரிஃப் தெருக்காரர் தன் முகவரியை மறைத்தால் போதும். நம்மவர் முகவரியோடு சாதியையும் மறைக்க வேண்டியிருக்கிறது. நான் அந்த மேசையில் மறைத்த மாதிரி.

இளைஞர்களான உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்.

உங்கள் ஊரில் பழைய ஆலையோ துறைமுகமோ குப்பத்து நிலமோ ‘தொழில்நுட்ப நகரம்’ ஆகப்போகிறது என்று அறிவிப்பு வந்தால் வரைபடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். நிலம் யாருடையது, வீட்டில் எத்தனை சதவீதம் யாருக்கு, பணம் கட்டித் தப்பிக்க வழி வைத்திருக்கிறார்களா, அங்கே இருக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் கல்லூரிக்கும் என்ன ஒதுக்கியிருக்கிறார்கள், இதையெல்லாம் முடிவு செய்யும் குழுவில் அந்த மக்களின் ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். கிரிகொரியிடம் ஓட்டு இருந்தவரைதான் ஒப்பந்தத்துக்கு உயிர் இருந்தது.

இரண்டாவது, சாப்பாட்டு மேசையில் பேசுங்கள். இட ஒதுக்கீட்டில் படித்தேன், அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை என்று சொல்லுங்கள். தனியாகச் சொல்ல பயமாக இருந்தால், அதே அலுவலகத்தில் இன்னொரு தோழரைத் தேடிப் பிடித்துச் சேர்ந்து சொல்லுங்கள். என்னால் அன்று முடியவில்லை. அந்த நண்பருக்கு இந்த உரையின் இணைப்பை அனுப்பப் போகிறேன். என்ன பதில் வருகிறதோ, வரட்டும்.