துன்பமும் தெளிவும் மறுமணமும்

(போடிமெட்டில் ஏலத்தோட்டத் தொழிலாளர் இருவரின் மறுமணத்துக்குத் தலைமை வகித்துப் பேசிய பேச்சின் சாரம்)



இந்த மறுமணத்துக்கு நாம் தலைமை வகிக்க வேண்டுமென்று கேட்கப்பட்டபோது முதலில் சற்றுத் தயங்கினோம். பதினேழு கொண்டைஊசி வளைவு ஏறி வர வேண்டுமே என்பதற்காக அல்ல. இந்த மணப்பெண் அம்மையார் மூன்று வருஷத்துக்கு முன் நம்மை ஒரு கேள்வி கேட்டார். அதற்கு அன்று நம்மிடத்தில் பதில் இல்லை. பதில் சொல்லத் தெரியாதவன் அவர் கல்யாணத்தில் வந்து பிரசங்கம் செய்ய என்ன யோக்கியதை இருக்கிறது என்பதே நமது தயக்கம். அம்மையாரே, "அதையும் மேடையில் சொல்லுங்க" என்று அனுமதி கொடுத்துவிட்டபடியால் சொல்லுகிறோம்.

அவருடைய முதல் கணவர் ஏலத்தோட்ட வேலைக்குப் போன ஜீப்பு, விடியற்காலை மஞ்சு மூடியிருந்த ஒரு வளைவில் கவிழ்ந்து இறந்துபோனார். நாம் துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். அங்கே கூடியிருந்தவர்கள் எல்லோரும், "அவன் விதி அவ்வளவுதான், உன் தலையெழுத்து இப்படி" என்று சொல்லிக் கொண்டிருந்தார்கள். நமக்கு வழக்கம்போல் கோபம் வந்துவிட்டது. விதியென்று ஒன்று கிடையாது, தலையில் எழுதுகிறவன் எவனும் கிடையாது என்று சாவு வீடென்றும் பாராமல் கால் மணி நேரம் பேசினோம். எல்லாம் கேட்டுக் கொண்டிருந்துவிட்டு அந்த அம்மையார் சொன்னார்:

"விதியில்லைன்னு நீங்க சொல்லிட்டுப் போயிருவீக. விதின்னு நெனச்சாத்தான் எனக்கு ராவுல கண்ணு மூடுது. விதியில்லைன்னா, அன்னைக்குக் காய்ச்சலோட போறாகளே, போக வேணாம்னு நான் ஒரு வார்த்த சொல்லலியே, அந்தப் பாவம் எம் மேலதான வருது?"

தோழர்களே! நாம் எத்தனையோ பண்டிதர்களோடு வாதம் செய்திருக்கிறோம். அவர்கள் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நாம் பேசாமல் எழுந்து வந்துவிட்டோம். விதி என்பது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒன்றையும் வைக்காமல் வருகிறவன் பாதி வேலை செய்தவனே ஆவான். துன்பப்படுகிறவர்களுக்கு விதி ஒரு கட்டாந்தரை மாதிரி. படுத்தால் உடம்பு வலிக்கும். என்றாலும் விழுவதற்கு அதற்குக் கீழே இடமில்லை என்று ஒரு நிம்மதி.

நிற்க, அந்தக் கேள்விக்கு இப்போது நமக்குத் தோன்றுகிற பதிலைச் சொல்லுகிறோம். விதியில்லை என்று சொன்னால் உடனே "அப்படியானால் என் குற்றம்" என்று ஏன் எடுத்துக் கொள்ள வேண்டும்? விதிக்கும் அவளுக்கும் நடுவில் வேறு யாருமே இல்லையா? அந்த ஜீப்பில் அன்று எத்தனை பேர்? பதினெட்டுப் பேர். அது எத்தனை பேருக்காகச் செய்த வண்டி? எட்டு ஒன்பது பேருக்கு. அத்தனை பேரை ஏன் ஏற்றினான்? இரண்டாவது நடைக்கு எண்ணெய்ச் செலவு. ஏன் இருட்டில் வந்தான்? விடிவதற்குள் தோட்டத்தில் இறக்காவிட்டால் அரை நாள் கூலி போய்விடும். காய்ச்சலோடு ஏன் போனார்? ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் அடுப்பு எரியாது. இத்தனை காரணமும் கண்ணெதிரே வரிசையாக நிற்கும்போது, இவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஒரு பெண் தன் தலையையும் நெற்றியையும் தடவிப் பார்த்துக் கொள்ள வேண்டும் என்பது எவ்வளவு பெரிய மோசம்! தன்னை அறிவது என்று வேதாந்திகள் சொல்லுகிறார்களே, அது ஏதோ கண்ணை மூடிக்கொண்டு மூச்சை அடக்குவது அல்ல. நம் துன்பத்தில் நமது பங்கு எவ்வளவு, பிறர் செய்தது எவ்வளவு, எவராலும் தடுக்க முடியாதது எவ்வளவு என்று பிரித்துக் கணக்குப் பார்ப்பதே தன்னை அறிவதாகும்.

இந்த மலையில் சரக்குக்குக் கிடைத்த மரியாதை ஆளுக்குக் கிடைக்கவில்லை என்பதைச் சரித்திரமே சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெள்ளைக்காரத் துரைகள் மூணாறு தேயிலையை ரயிலில் கொண்டுவந்து, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ஆகாயத்தில் கம்பி கட்டி இறக்கினார்கள். தேயிலைப் பெட்டி ஆகாயத்தில் போயிற்று. அந்தத் தேயிலையைக் கிள்ளியவர்கள் கால்நடையாகத்தான் மலையேறினார்கள். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. மூட்டைக்கு ஒரு நியாயம், மூட்டை சுமப்பவனுக்கு ஒரு நியாயம் என்பது மட்டும் அழியவில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. காய் எடுக்கிறவள் ஏறிவந்த ஜீப்பு அந்த வருஷமும் அதே ஜீப்புத்தான்.

அன்றியும், பெட்டிமுடியை எண்ணிப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து, தூங்கிக் கொண்டிருந்த லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த குடும்பத்தார். அதையும் விதி என்றார்கள். விதிக்கு லயம் எது, பங்களா எது என்று பார்த்து இறங்கத் தெரிகிறதே, அது எப்படி? மழையை நாம் நிறுத்த முடியாது என்பது உண்மையே. சரிவுக்குக் கீழே வரிசை வீடு கட்டியது மழையல்லவே!

இவ்வளவு சொல்லியும், காரணம் தெரிந்துவிட்டால் மாத்திரம் துக்கம் போய்விடுமா என்று கேட்கலாம். போகாது. துக்கம் வேறு, துக்கத்தில் அடங்கிக் கிடப்பது வேறு. நம்பிக்கை என்ற சொல்லை நம் நாட்டில் கெடுத்து வைத்திருக்கிறார்கள். நம்பிக்கை என்றதும் கோவிலைத்தான் நினைக்கிறார்கள். நாம் சொல்லும் நம்பிக்கை, நேற்று முடியாமலிருந்த ஒரு காரியம் இன்று நம் கையால் முடிந்தது என்று கண்ட பிறகு வருகிற நம்பிக்கை.

அப்படி ஒன்று நம் கண்ணெதிரே நடந்தது. 2015 செப்டம்பரில் மூணாறில் கண்ணன் தேவன் தோட்டத்துப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். எங்கே உட்கார்ந்தார்கள்? நாம் இப்போது ஏறி வந்தோமே, இதே கொச்சி–தனுஷ்கோடிச் சாலையில். 20 சதவீதம் போனஸ் வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாள் கூலி 500 ஆக வேண்டும் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், தாழ்த்தப்பட்ட வகுப்பார். பேர் பெற்ற தலைவர்களையும் சங்கங்களையும் கிட்ட வரவொட்டாமல் நிறுத்தினார்கள். ஆண்களையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். ஒன்பது நாள். போனஸும் கருணைத் தொகையுமாகச் சேர்த்து அந்த 20 சதவீதம் கிடைத்தது. அக்டோபரில் தேயிலைக் கூலி 301 என்று முடிவாயிற்று. கேட்டது 500, கிடைத்தது 301 என்று குறை சொல்லுகிறவர்கள் சொல்லட்டும். 'பெம்பிளை ஒருமை' என்று பேர் வைத்த அவர்கள் அமைப்பே பின்னால் பிளவுபட்டது என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது நாளில் அவர்கள் தங்களைப்பற்றித் தெரிந்துகொண்டதை இனி எந்தக் கம்பெனியும் திரும்ப வாங்கிக் கொள்ள முடியாது.

இந்த அம்மையாருக்கு அது எப்படி உதவியது என்று சொல்லுகிறோம். கணவர் இறந்த நாற்பதாம் நாள் அதே ஜீப்பில் அதே தோட்டத்துக்கு இவர் வேலைக்குப் போனார். போகாமல் என்ன செய்வது? மாமியாரும் பெண் குழந்தையும் வீட்டில் இருக்கிறார்கள். விபத்து நடந்த வளைவு வரும்போதெல்லாம் கண்ணை மூடிக் கொள்வாராம். ஒரு நாள் மூடவில்லை. திரும்பி வண்டியில் எத்தனை பேர் என்று எண்ணினார். பதினேழு. மறுநாள் பக்கத்திலிருந்த பெண்ணையும் எண்ணச் சொன்னார். மூணாறுப் பெண்கள் சாலையில் உட்கார்ந்ததைப் பார்த்த கிழவி ஒருத்தி அந்த வண்டியில் இருந்தாள். அவள்தான், "எண்ணுனாப் போதுமா? எறங்கணும்டி" என்றாளாம். ஒரு காலையில் பத்துக்கு மேல் ஏற மாட்டோம் என்று மீதிப் பெண்கள் தரையில் நின்றுவிட்டார்கள். டிரைவர் திட்டினான். ஆள் பிடிக்கிறவன் அரை நாள் கூலியை வெட்டுவேன் என்றான். இரண்டு நாள் வெட்டவும் செய்தான். மூன்றாம் நாள் இரண்டாவது வண்டி வந்தது. இவ்வளவுதான் சங்கதி. எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அந்த வாரத்தில்தான் தமக்கு ராத்திரியில் தூக்கம் வந்தது என்று அம்மையார் சொன்னார். விதியென்று நினைத்து வந்த தூக்கம் அல்ல அது.

இனி இந்த மணத்தைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். விதவை மறுமணம் செய்யலாம் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து என்ன பயன்? ஊர்வாய் இடம் கொடுக்கவில்லை. மனைவி இறந்தவனுக்குக் கருமாதி முடிவதற்குள் பெண் பார்க்கிற இதே ஊர்தான், கணவனை இழந்தவள் பூ வைத்தால் வாயில் அடிக்கிறது. நமது முறைப்படி நடந்த திருமணங்களை 1950-களில் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது. 1967-இல் அண்ணாதுரை மந்திரிசபை சட்டம் செய்தது. 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. முன்னால் நடந்தவையும் செல்லும் என்றாயிற்று. ஐயர் வேண்டாம், ஹோமம் வேண்டாம். தெரிந்த பாஷையில், பத்துப் பேர் முன்னிலையில், இவரைத் துணையாக ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். ஒரு வேடிக்கை என்னவென்றால், அது தமிழ்நாட்டுச் சட்டம். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் இந்தப் பந்தலைப் போட்டிருந்தால் அந்தச் சட்டம் அங்கே வராது! ஆகையால்தான் மணமகன் வேலை செய்வது அந்தப் பக்கமாயிருந்தும் பந்தல் இந்தப் பக்கம். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் செய்துவிட வேண்டும். மறந்துவிடாதீர்கள். அரசாங்கத்தில் தர்மாம்பாள் அம்மையார் பெயரால் விதவை மறுமண உதவித் திட்டம் இருக்கிறது. உரியவர்கள் கூச்சப்படாமல் கேட்டு வாங்க வேண்டும். அது பிச்சையல்ல.

மணமகன் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர். இவரும் மனைவியைப் பறிகொடுத்தவர். இவர்களுக்குள் அன்பு எப்படி வந்தது என்று சிலர் காதோடு காதாய்ப் பேசிக் கொள்ளுகிறார்கள். சினிமாவில் வருவதுபோல் பார்த்ததும் வரவில்லை. ஸ்டோர் வாசலில் காய் எடை போடும்போது, ஒரு பெண்ணுக்கு எடை குறைத்து எழுதப்பட்டதை இவர் மறு எடை போட்டுத் திருத்தினார். அதை அம்மையார் பார்த்தார். பிறகு ஒரு வருஷம் ஒன்றும் இல்லை. பத்துக் கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் இரண்டு கிலோ தேறும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பச்சை நிறம் போய்ப் பழுப்பாகிவிடும். அந்தத் தொழிலே பொறுமையைக் கற்றுக் கொடுத்திருக்கும் போலும்!

மணமகனிடம் நாம் இரண்டு சங்கதி கேட்டோம். கூலி யார் கையில் இருக்கும் என்றோம். "அவுக கூலி அவுக கைல" என்றார். வீட்டில் முதல் கணவரின் படம் மாட்டியிருக்கிறதே, அதை என்ன செய்வதாக உத்தேசம் என்றோம். சற்று யோசித்துவிட்டு, "அது பாப்பாவோட அப்பா படம். அது பாட்டுக்கு இருக்கட்டும். எம் பொண்டாட்டி படத்தையும் பக்கத்துல மாட்டிக்கிறோம்" என்றார். அன்பைப்பற்றி நம்மைவிட அவருக்கு அதிகம் தெரிகிறதென்று அங்கேயே நமக்கு விளங்கிவிட்டது. இறந்தவரை மறந்தால்தான் புது வாழ்வு என்று சில சீர்திருத்தக்காரர்களும், மறுபடி வாழ்ந்தால் இறந்தவரை மறந்தவள் என்று வைதிகர்களும் சொல்லுகிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் மனித மனத்தை ஒரே ஆளுக்கு மட்டும் இடமுள்ள பெட்டியாக நினைக்கிறார்கள்.

முன் வரிசையில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மூதாட்டி மணமகனின் தாயார் என்று பலர் நினைத்திருப்பீர்கள். அல்ல. இறந்துபோனவரின் தாயார். மகன் செத்த வீட்டிலிருந்து மருமகளுக்கு மாலை எடுத்துக் கொண்டு மலையேறி வந்திருக்கிறார். ஊரில் நாலு பேர் இவரை, "பெத்த மகனுக்குத் துரோகம் பண்ணுறியே" என்று கேட்டார்களாம். "எம் மகன் இருந்தா இவள அழ விட்டிருப்பானா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். மணமக்களோடு அந்த வீட்டிலேயே இவரும் இருப்பார் என்று முடிவாகியிருக்கிறது. மாமியாரா, தாயாரா, என்ன உறவு என்று கேட்காதீர்கள். அந்த உறவுக்கு நம் மொழியில் இன்னும் பேர் வைக்கவில்லை.

மஞ்சு இறங்க ஆரம்பித்துவிட்டது. நாமும் அதிகம் பேசிவிட்டோம். அந்த மூதாட்டி மாலையை எடுத்துக் கொடுக்கட்டும். சாப்பாடு ஆனதும் போடிக்குத் திரும்புகிறவர்கள் ஒரே வண்டியில் நெருக்கிக்கொண்டு ஏறாமல், எண்ணிப் பார்த்து, இரண்டு நடையாகப் போகும்படி மணப்பெண்ணின் சார்பில் கேட்டுக் கொள்ளுகிறோம்.